மங்கிய படத்தைத் துலக்கலாம், முகத்தை மாற்றக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கிளிநொச்சி மாவட்டத்துத் தருமபுரத்தில் சிறிய ஸ்ரூடியோ ஒன்றை நடத்துகிறவள். தட்டச்சு, லமினேற்றிங், பதாகை வடிவமைப்பு என்று அதோடு சேர்ந்த வேலைகளும் செய்கிறேன். வைகாசி (மே) நெருங்குகிறது, 2009இல் போர் முடிந்த முள்ளிவாய்க்காலை நினைவுகூரும் மாதம். எங்களைப் போன்ற கடைகளுக்கு நினைவஞ்சலி வேலைகள் குவியும் காலம் அது. பதாகை, பத்திரிகை விளம்பரம், வீட்டில் மாலை போட்டு வைக்கும் படம் எல்லாமே ஒரு முகத்தில்தான் தொடங்கும். அந்த முகங்களுக்கு இப்போது நடப்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உங்கள் பத்திரிகையின் அஞ்சலிப் பக்கத்தையே விரித்துப் பாருங்கள். தொண்ணூறுகளில் இறந்தவரும் 2009இல் இறந்தவரும் நேற்று ஒரே கமராவில் படம் எடுத்தவர்கள் போலத் தெரிகிறார்கள். ஒரே மாதிரி மினுங்கும் தோல், ஒரே மாதிரிக் கண், வரிசை பிசகாத பல். கைத்தொலைபேசியில் கிடைக்கும் ஏ.ஐ. (செயற்கை நுண்ணறிவு) செயலிகள் செய்யும் வேலை இது. மங்கிய படத்தை உள்ளே போட்டால் சில நொடிகளில் பளிச்சென்று ஒரு முகம் வெளியே வரும். காசும் இல்லை, கடைக்கும் வரத் தேவையில்லை. என் தொழில் பறிபோகிறதே என்ற கவலையில் இதை எழுதவில்லை. அந்தச் செயலியில் வரும் முகம் பல வேளைகளில் அந்த ஆளின் முகமாகவே இருப்பதில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வன்னியில் ஒருவருடைய படம் எப்படி மிஞ்சியது என்பது வெளியிலிருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1990க்குப் பிறகு போர் முடியும்வரை இந்த நிலப்பரப்பின் பெரும்பகுதிக்கு மின்சாரமே இல்லை. படம் எடுப்பது என்பது கலியாணத்துக்கும் சாமத்தியவீட்டுக்கும் அடையாள அட்டைக்கும் மட்டும்தான். 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 நெடுஞ்சாலை திறந்தபோது வெளிநாட்டு உறவினர்கள் கமராக்களோடு வந்தார்கள். அந்தக் கொஞ்சக் காலத்தில் பல வீடுகளில் அல்பங்கள் சேர்ந்தன. 2006 ஆவணியில் (ஓகஸ்ட்) பாதை மூடப்பட்டது. பிறகு கிளிநொச்சியிலிருந்தும் பரந்தனிலிருந்தும் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று சனம் இடம்பெயர்ந்தபோது அந்த அல்பங்கள் வீட்டிலும் பங்கரிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் தொலைந்துபோயின. மிஞ்சியது எது என்று பார்த்தால், பிறப்புச் சான்றிதழோடும் காணிப் பத்திரத்தோடும் சேர்த்துப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போனவைதான். அதனால் எங்களிடம் வரும் படங்களில் பாதிக்குமேல் ஆவணப் படங்கள். அடையாள அட்டையின் கறுப்பு வெள்ளைப் படம், பரீட்சை விண்ணப்பத்துக்கு எடுத்ததில் மிச்சமான ஒன்று, பாடசாலைக் குழுப்படத்தில் மூன்றாவது வரிசையில் ஒரு தலை. தண்ணீர் பட்டு ஊறியிருக்கும். ஸ்ரேப்ளர் ஓட்டை இருக்கும். ஒரு மூலையில் முத்திரையின் அரை வட்டம் தெரியும்.

அப்படியொரு படத்தைக் கொண்டுவந்து, "பிள்ளை, இதைக் கொஞ்சம் கிளியராக்கித் தாங்கோ" என்று ஒரு தாய் கேட்டால் யாருக்குத்தான் மறுக்க மனம் வரும்? கேட்பதில் பிழையே இல்லை. கேள்வி, எதை வைத்துக் கிளியராக்குகிறோம் என்பதுதான்.

விசுவமடுப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வெளிநாட்டில் இருக்கும் உறவுப் பிள்ளை ஒருவர் செயலியில் போட்டு அனுப்பிய படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துத் தரும்படி கேட்டார்கள். அம்மாவுக்கு அந்தப் படம் நல்லாகப் பிடித்திருந்தது. மகன் சிரித்துக்கொண்டு இருக்கிறான் என்று சொன்னார். கூட வந்த மூத்த மகள்தான் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "அம்மா, தம்பிக்கு இடது புருவத்தில காயம் இருந்ததெல்லோ, அது எங்க?" என்று கேட்டார். சின்ன வயதில் சைக்கிளால் விழுந்து புருவம் பிளந்த தழும்பு. மூலப்படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். தழும்பு இருந்தது. அதற்குப் பக்கத்தில் கடதாசி மடிந்த கோடும் இருந்தது. செயலி இரண்டையும் சேர்த்தே துடைத்துவிட்டது. கடதாசியின் கீறலுக்கும் மனிதத் தோலின் தழும்புக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. நெற்றியில் பூசிய திருநீற்றையும் நிறம் போன இடமென்று நினைத்துத் தோல் நிறத்தால் மூடிவிடும். மூக்குத்தி, மச்சம், காதின் அருகே நரைத்த மயிர் எதுவும் அதற்குப் பழுதுதான்.

இது ஏன் நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லவேண்டும். பழைய மென்பொருளில் படத்தைப் பெருப்பித்தால் இருக்கும் புள்ளிகளைத்தான் பெருப்பிக்கும். மங்கியது மங்கலாகவே பெரிதாகும். புதிய செயலிகள் அப்படியில்லை. ஏராளமான முகங்களைப் பார்த்துப் பழகிவிட்டு, மங்கிய இடத்தில் ஒரு முகத்துக்கு வழக்கமாக என்ன இருக்குமோ அதைத் தாமாகவே வரைகின்றன. இத்துறையில் அதிகம் பயன்படும் ஒரு முகப்படத் தொகுப்பு, 2019இல் என்விடியா நிறுவனம் வெளியிட்டது. இணையத்தில் சனம் ஏற்றிய படங்களிலிருந்து எடுத்த 70,000 முகங்கள் அதில் உள்ளன. வட்டக்கச்சியிலோ ஒட்டுசுட்டானிலோ வெயிலில் வயல் வேலை செய்தவர்களின் முகங்கள் அதற்குள் எத்தனை இருக்கப் போகின்றன? 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படியொரு முறையை வெளியிட்டார்கள். பராக் ஒபாமாவின் மங்கலான சிறு படத்தை ஒருவர் அதற்குள் போட்டபோது ஒரு வெள்ளைக்காரரின் முகம் வெளியே வந்தது. உலகமே அறிந்த முகத்துக்கே அந்த நிலை. அம்மாவுக்கும் அயலுக்கும் மட்டும் தெரிந்த முகத்துக்கு என்ன நடந்தாலும் கண்டுபிடிக்க ஆள் இல்லை.

தோல் நிறத்தில் கருவிகள் பக்கம் சாய்வது புதிதும் இல்லை. பிலிம் காலத்தில் கலர் லாப்களில் நிறம் சரிபார்க்க ஒரு பெண்ணின் படம் உள்ள அட்டையை வைத்திருப்பார்கள். கோடாக் நிறுவனம் அனுப்பியது. ஷேர்லி கார்ட் என்று பெயர். நெடுங்காலம் அதில் இருந்தது வெள்ளைத் தோல் பெண்தான். அவருடைய தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று பொருள். கறுத்தவர்களின் முகம் இருளாக அப்பிக்கொண்டு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் பழைய கலியாணப் படங்களில் மாப்பிள்ளையின் முகம் தெரியாமல் பல் மட்டும் தெரிவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அன்று கருவி எங்கள் முகத்தை இருட்டில் விட்டது. இன்று வெளுக்க வைக்கிறது.

"ஸ்ரூடியோக்காரர் எப்பவும் படத்தை மாத்தித்தானே தந்தவை" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். நியாயமான கேள்வி. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு உதட்டிலும் கன்னத்திலும் தூரிகையால் நிறம் பூசிய காலம் உண்டு. கோட் போட்டே அறியாத கமக்காரரின் தலையை வெட்டி, கோட்டும் ரையும் போட்ட உடம்பில் பொருத்தித் தருவதை இன்றும் எல்லாக் கடையும் செய்கிறது. நானும் செய்கிறேன், கேட்பவர்களுக்கு அது ஒரு மரியாதை. பின்னால் நீலவானம், முகில், புறா, தாமரை, எரியும் விளக்கு என்று அஞ்சலிப் பதாகைக்கு ஒரு தோற்றம் ஊரில் நிலைத்துவிட்டது. அதைப் பார்த்தவுடன் வாசிக்கத் தெரியாத குழந்தைக்கும் இது செத்தவருக்கானது என்று விளங்கும். அதெல்லாம் சட்டையும் பின்திரையும். பார்ப்பவருக்கும் அது அலங்காரம் என்று தெரியும். அந்தக் காலத்துக் கைகள் கழுத்துக்கு மேலே போனாலும் பூசியது பூசியதாகவே தெரிந்தது. இப்போது வரும் மாற்றம் தெரிவதில்லை. அதுவும் முகத்தில்தான் நடக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

இறந்தவர்களின் படத்துக்கே இப்படிச் சொல்கிறேன் என்றால், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படத்துக்கு இன்னும் கடுமையாகச் சொல்லவேண்டும். அங்கே படம் நினைவுப்பொருள் மட்டுமில்லை, சாட்சியும்கூட. முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் 2023இல் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் மனித எச்சங்கள் வெளிவந்ததை உங்கள் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எலும்புகளோடு உடைகளும் வந்தன. இப்படியான இடங்களில் ஆளை அடையாளம் காண மரபணுச் சோதனை முக்கியம் என்பது எல்லோருக்கும் தெரியும். பல் தெரியச் சிரித்து எடுத்த பழைய படமும் தடயவியல் மருத்துவர்களுக்கு உதவும் என்பது பலருக்குத் தெரியாது. முன்பல்லின் இடைவெளி, ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பல், உடைந்த முனை ஆகியவற்றை மண்டையோட்டின் பல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இந்தச் செயலிகள் பல வேளைகளில் மாற்றிவிடுவது பல்லைத்தான். முத்துப்போல வரிசையாக்கிக் கொடுத்துவிடும். மூலப்படத்தை யாரோ தொலைத்துவிட்டு அந்தத் துலக்கிய படம் மட்டும் ஒரு முறைப்பாட்டுக் கோவைக்குள் போனால், சொந்தப் பிள்ளையின் பல்லைப் பார்த்தே "இது அவர் இல்லை" என்று சொல்லும் நிலை வரலாம். படத்தில் உள்ள சேர்ட்டின் கோடும் பொத்தானும்கூட அப்படித்தான். தெளிவில்லாத துணிக்கு அது தன் பாட்டில் ஒரு கோலம் போட்டுவிடும்.

கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில் 2017 மாசி (பெப்ரவரி) 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடங்கிய போராட்டத்தின் பதாகைகளை நான் ஒரு வடிவமைப்பாளரின் கண்ணோடும் பார்த்திருக்கிறேன். அலங்காரம் இல்லை. ஆவணப் படம் பெருப்பித்தபடி, பெயர், திகதி, கடைசியாகக் கண்ட இடம். அர்ஜென்டீனாவில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 1977 சித்திரை (ஏப்ரல்) 30ஆம் திகதி மாயோ சதுக்கத்தில் நடக்கத் தொடங்கிய தாய்மாரும் பிள்ளைகளின் படங்களைத்தான் பிற்பாடு உயர்த்திப் பிடித்தார்கள். சிலியில் பெண்கள் படங்களை உடுப்பில் நெஞ்சுப் பக்கம் ஊசியால் குத்தி அணிந்தார்கள். பல நாடுகளில் ஒரே காட்சி மொழி உருவானது. அந்தப் படத்தின் சொரசொரப்பும் மங்கலும் முத்திரை வட்டமுமே, "எங்களிடம் இருப்பது இது ஒன்றுதான், இந்த ஆளைப் பதிவு செய்த ஒரு அலுவலகம் ஒருநாள் இருந்தது" என்று சொல்கின்றன. வன்னியில் செய்யப்பட்ட வடிவமைப்புகளில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால் அந்தப் பதாகைகளைத்தான் காட்டுவேன். அவற்றை மினுமினுப்பாக்கினால் சோப்பு விளம்பரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லாமல் போகும்.

இன்னொரு சிக்கலும் அங்கே இருக்கிறது. பிளக்ஸின் மை எங்கள் வெயிலுக்கு நீண்ட காலம் நிற்பதில்லை. நிறம் போனதும் புதிது அடிக்கவேண்டும். மூலப்படம் எங்கேயோ ஒரு அலுமாரியில் இருக்க, பழைய பதாகையைப் போனில் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதிலிருந்து அடுத்தது, அதிலிருந்து இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் முகம் தேய்கிறது. தேய்ந்ததும் செயலிக்குப் போகிறது. 2009இல் கைக்குழந்தையாக இருந்த தம்பி தங்கைகளுக்கு இன்று பதினாறு, பதினேழு வயது தாண்டிவிட்டது. அவர்களுக்கு அண்ணாவின் குரல் தெரியாது, நடை தெரியாது. தெரிந்தது அந்தப் படம் மட்டும்தான். அவர்கள் யாரை அண்ணா என்று மனதில் வைத்திருக்கப் போகிறார்கள் என்பதை இன்று ஒரு செயலி தீர்மானிக்கிறது. இதை நினைத்தால் எனக்கு வேலை செய்யக் கையே ஓடுவதில்லை.

சில தாய்மார் வேறொன்றும் கேட்கிறார்கள். "இப்ப இருந்தால் எப்பிடி இருப்பான் எண்டு ஒருக்காச் செய்து காட்டுங்கோ." முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல நான் விரும்புவதில்லை. அமெரிக்காவில் காணாமற்போன சிறுவர்களுக்கான தேசிய நிலையம் நெடுங்காலமாக வயதேற்றிய படங்களை வெளியிடுகிறது. ஆனால் பயிற்சி பெற்றவர்கள் குடும்பத்தினரின் படங்களையும் பார்த்து அதைச் செய்கிறார்கள். மூலப்படத்தைப் பக்கத்திலேயே போடுகிறார்கள். எது உண்மைப் படம், எது ஊகம் என்று எழுதியும் விடுகிறார்கள். அர்ஜென்டீனாவில் 2023இல் ஒருவர் காணாமல் ஆக்கப்பட்ட பெற்றோரின் படங்களைக் கலந்து, குழந்தையாகப் பறிக்கப்பட்ட அவர்களின் பிள்ளைகள் இன்று எப்படி இருக்கக்கூடும் என்று ஏ.ஐ. முகங்கள் உருவாக்கினார். பேரப்பிள்ளைகளைத் தேடும் பாட்டிமாரின் அமைப்பு, ஆளை உறுதிசெய்ய மரபணுச் சோதனை ஒன்றே வழி என்று சொல்லிவைத்தது. அந்த அளவு தெளிவு எங்களுக்கும் வேண்டும். வீட்டில் வைத்துப் பார்க்க ஆசையென்றால் செய்யலாம், அடியில் எழுதிவிட்டு. பதாகைக்கும் முறைப்பாட்டுக்கும் அது வரக் கூடாது.

என்னைப் போலக் கடை வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில வேலை விபரங்களைச் சொல்லவேண்டும். பெரிய பதாகைக்கு ஏ.ஐ. இல்லாமல் முடியாது என்பது சரியில்லை. அடையாள அட்டைப் படம் ஏறக்குறைய 45 மில்லிமீற்றர் உயரம். அதை 1200 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கான் செய்தால் உயரத்தில் 2100 புள்ளிகளுக்கு மேல் கிடைக்கும். தள்ளி நின்று பார்க்கும் பிளக்ஸுக்கு அங்குலத்துக்கு 72 புள்ளி போதும். அப்படியென்றால் இருபத்தொன்பது அங்குல உயரத்துக்கு அந்தப் படத்தை அடிக்கலாம். சொரசொரப்பு தெரியும், தெரியட்டும். கறை, மடிப்பு, பூஞ்சணம் எல்லாவற்றையும் போட்டோஷொப்பில் கையாலேயே எடுங்கள். முகத்தின்மேல் விழுந்த கோட்டை எடுக்க முதல் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், அது கோடா தழும்பா என்று. ஐந்து நிமிட வேலை.

கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைத் தயவுசெய்து உரிக்கவேண்டாம். உரித்தால் முகம் கண்ணாடியில் நின்றுவிடும், வெறும் கடதாசிதான் கையில் வரும். கண்ணாடியோடேயே கொண்டுவாருங்கள். பிரிண்டரோடு சேர்ந்து வரும் மெல்லிய ஸ்கானர்களில் கண்ணாடிக்கு அப்பால் இருப்பது தெளிவாக விழாது. கமராவை நேராக நிறுத்தி, இரண்டு பக்கமும் சரிவாக வெளிச்சம் வைத்து எடுப்பது நல்லது. வெளிநாட்டிலிருந்து படம் அனுப்புகிறவர்கள் வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டொக்கியுமென்டாக அனுப்பினால் அளவு குறையாமல் வரும். வீட்டிலேயே போனில் எடுப்பதென்றால் பிளாஷை நிறுத்திவிட்டு, மரநிழலில் வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். எடுத்ததை உடனே இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து வையுங்கள். மூலப்படத்தை எந்தக் கடையிலும் விட்டுவிட்டுப் போகவேண்டாம், என் கடையிலும்கூட.

கடைசியாக உங்களிடம் ஒரு கேள்வி, ஆசிரியரே. செய்திப் படத்தில் கைவைக்கக் கூடாது என்ற விதி உங்கள் துறையில் பழையது. அசோசியேற்றட் பிரஸ் நிறுவனம் 2023இல், படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ இந்த வகை ஏ.ஐ.யைப் பயன்படுத்துவதில்லை என்று எழுத்திலேயே அறிவித்தது. அந்த விதியை அஞ்சலிப் பக்கத்துக்கும் கொண்டுவந்தால் என்ன? விளம்பரம் வாங்கும் இடத்தில், இந்தப் படத்தில் முகம் செயலியால் மாற்றப்பட்டதா என்று ஒரு கேள்வியை வையுங்கள். ஆம் என்றால் மூலப்படம் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அதையே போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் படத்துக்குக் கீழே "கணினியில் மாற்றப்பட்ட படம்" என்று ஒரு வரி சின்ன எழுத்தில் வரட்டும். காணாமல் ஆக்கப்பட்டோரின் படங்களுக்கு மட்டும் அந்த விதிவிலக்கும் வேண்டாம். எவ்வளவு மங்கலாக இருந்தாலும் மூலத்தையே போடுங்கள். விளம்பரத்துக்கு அளவு பார்த்துத்தான் காசு எடுக்கிறீர்கள் என்பது தெரியும். இந்த வைகாசிக்குள் இதைச் செய்தால், அந்த ஒரு வரி பிடிக்கும் இடத்துக்குக் குடும்பங்களிடம் காசு வாங்காமல் விடவேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஸ்ரூடியோ நடத்தும் ஒரு வாசகி,
தருமபுரம், கிளிநொச்சி மாவட்டம்.